பதினான்கு கிலோமீட்டர்

இருபத்தாறு வருடம்
ஒரே காரில்தான் போய் ஓட்டுப் போட்டோம்
தம்பி ஜெனோனும் நானும்.
அவன் ஓட்டை என் ஓட்டு அடித்துவிடும்
என் ஓட்டை அவனுடையது.
"ரெண்டு பேரும் வீட்டிலேயே கிடந்தா
பெட்ரோலாவது மிஞ்சும், தெக்லா" என்பான்,
சொல்லிக்கொண்டே சாவியைத் தேடுவான்.

பதினான்கு கிலோமீட்டர்.
நாங்கள் படித்த பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி.
உடற்பயிற்சிக் கூடத்தில்
ஏழாம் வகுப்பில் பாதி ஏறி
இறங்கத் தெரியாமல் நான் தொங்கிய கயிறு
இன்னும் தொங்குகிறது.
திரும்பும்போது பெட்ரோல் பங்கில்
ஆளுக்கொரு ஹாட்டாக்.
அவன் மீசையில் கடுகு சாஸ்.
போலந்தை யார் ஆண்டாலும்
துடைடா என்று சொல்வது நான்தான்.

இந்த அக்டோபரில்
நான் பஸ்ஸில் போனேன்.

செப்டம்பரில்
புனித தெக்லாவின் நாள், அதாவது என் நாள்.
பீட்ரூட் சூப் ஆறவில்லை.
அவன் மகன் காயெத்தான் எல்லையில் காவல் நிற்கிறான்.
என் மகள் லுத்விகா இரவில் ஃபிளாஸ்க்கோடு
காட்டுக்குள் போகிறாள்,
வேலியைத் தாண்டி வந்து
பாசியில் நனைந்து கிடப்பவர்களைத் தேடி.
இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.
இரண்டு வருடமாக
மேஜைக்கடியில் காலைப்போல
இடித்துக்கொள்ளாமல் வைத்திருந்தோம்.
பக்கத்து அறையில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு அவனும் பேசினான்:

"உன் பொண்ணு சூப் ஊத்துறவன்தான்
என் பையன் மண்டையில கல்லெறிஞ்சான்.
ஏழு தையல்."

நானும் சும்மா இருக்கவில்லை.
என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.
யொலாந்தா கரண்டியைக் கீழே வைத்தாள்,
தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் வைப்பதுபோல்.
அதை மட்டும் எழுதலாம்.

என் ஆட்கள் ஜெயித்தார்கள்.
லுத்விகா கேக் வாங்கி வந்தாள்.
நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சந்தோஷத்தைச் சொல்வதற்கு இருந்தார்கள்,
குத்திக் காட்டத்தான்
ஒரு ஆள் இல்லை.

மறுவாரம் வாசற்படியில் ஒரு ஜாடி.
வினிகரில் காளான்.
சீட்டு இல்லை, பெயர் இல்லை.
அடியில் ஒரு கேரட் வில்லை கிடந்தது.
இந்த ஜில்லாவில் காளானோடு கேரட் போடும் பைத்தியம்
ஒருவன்தான்.

எனக்குக் காளான் பார்க்கத் தெரியாது.
நாற்பது வருடமாக என் கூடையை
அவன்தான் செய்தித்தாளில் கொட்டிப் பிரிப்பான்.
இது வறுக்க, இது ஊறப்போட,
இது உன்னைக் கொன்றுவிடும்.
கொல்வதைத் தூர எறிந்து
கையைப் புல்லில் தேய்த்த பிறகுதான்
அடுத்ததைத் தொடுவான்.

அதே காட்டில்
லுத்விகா ஒருமுறை
உள்ளங்கை நீளக் காலுறை ஒன்றை எடுத்து வந்தாள்,
உலர்த்தி வைத்திருக்கிறாள்.
அதே காட்டில்
காயெத்தான் மரத்தில் சாய்ந்து
ரத்தம் நிற்கக் காத்திருந்தான்.
நான் தூக்கி வளர்த்த பையன்.
ஏழு தையல் எந்தப் பக்கம் என்றுகூட
நான் கேட்கவில்லை.

நின்றபடியே மூடியைத் திறந்தேன்.
ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல்
முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்றேன்.
"மாமா கொடுத்ததா?" என்றாள் லுத்விகா.
"காளான்" என்றேன்.

ஜாடியைக் கழுவிவிட்டேன்.
காலியாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.
பிளம் ஜாம் அவனுக்கு ஆகாது, சர்க்கரை.
ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்,
ஜாடிக்குள் பார்த்தால்
ஏதோ ஓட்டுச்சீட்டுபோல் இருந்தது.
எடுத்துவிட்டேன்.
ஜன்னலோரம் கவிழ்ந்திருக்கிறது,
நாலு மாதமாக ஈரம் வடிய.

ஏப்ரலில் உள்ளாட்சித் தேர்தல்.
நேற்று பஸ் நிறுத்தத்தில் அட்டவணை பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமை வண்டியை
எடுத்துவிட்டார்களாம்.